கால் இருக்குமிடம்

கண்ணைக் கட்டியிருந்த துண்டில் யாரோ போன வாரம் தேய்த்துக்கொண்ட தைலத்தின் வாசனை இன்னும் போகாமல் இருந்தது, செங்கோட்டுவேலுக்கு அதுதான் முதல் எரிச்சல். நாற்பத்தேழு வயதில், இருபத்திரண்டு வருஷமாகக் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் அரசு பஸ்ஸை ஏற்றி இறக்கிய ஒரு மனுஷனை, கண்ணாமூச்சி ஆடுகிற பிள்ளை மாதிரி அரைக்கால் டவுசரோடு உயரமான மேசைமேல் உட்காரவைத்து இடது காலைத் தொங்கப்போடச் சொல்லியிருப்பது இரண்டாவது எரிச்சல். மூன்றாவதும் நாலாவதும் உண்டு, எண்ணி முடிப்பதற்குள் கணுக்காலில் மெத்தை வைத்த கம்பி வந்து ஒட்டிக்கொண்டது. "ரெடிங்களாண்ணா? கால லூசா விடுங்க. நான்தான் தூக்கறேன், நீங்க தூக்காதீங்க" என்றாள் ரெஹானா. பிசியோதெரபிஸ்ட். வயது இருபத்தாறோ இருபத்தேழோ இருக்கும், குரலில் மட்டும் தலைமையாசிரியை. கம்பி மேலே போனது, காலும் கூடப் போனது, ஓரிடத்தில் நின்றது. "இந்த இடத்த நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு." கால் பழையபடி இறங்கித் தொங்கியது. "இப்ப நீங்களே அதே இடத்துக்குக் கொண்டு வாங்க." இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது, ஒருத்தனுக்குத் தன் கால் எங்கே இருக்கிறதென்று தெரியாதா, அவன் தூக்கினான், வந்துவிட்டது, மயிரிழை பிசகாமல் அதே இடம், "இதானுங்க" என்றான். கம்பியின் கீலில் பொருத்தியிருந்த வட்டத் தகட்டை அவள் குனிந்து பார்ப்பது மூச்சில் தெரிந்தது. பேனா கீறியது. "எவ்வளவுங்க?" என்று கேட்டான், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே. "பதிமூணு டிகிரி கம்மிங்ணா. பரவால்ல, இன்னும் ஒம்பது இருக்கு."

பரவாயில்லையாம். பத்துத் தடவை, அதில் ஏழு தடவை ஐந்து டிகிரிக்குள் வர வேண்டும், அதுதான் கணக்கு. முட்டி ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் மாதம் இரண்டு தேறியது. ஆறு வாரத்துக்கு முன்னால் நாலு. இன்றைக்கு எழுதப்படும் காகிதம்தான் போக்குவரத்துக் கழகத்தின் மருத்துவக் குழுவுக்குப் போகிறது, அதற்குமேல் இன்னொரு தடவை என்பது கிடையாது. ஏழு என்றால் மலை வண்டி. ஆறு என்றால் ஸ்டியரிங்கே இல்லை, பணிமனை வாசலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து உள்ளே வருகிற வண்டி வெளியே போகிற வண்டி நம்பரை நோட்டில் எழுதுகிற உத்தியோகம். பதிமூன்று டிகிரி. தப்பாக வைத்திருக்கிறோமே என்று ஒரு சின்னச் சந்தேகமாவது வந்திருந்தால் இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. சந்தேகமே இல்லை, இப்போதும் இல்லை, கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவான், கால் அங்கேதான் இருந்தது. அப்படியானால் பொய் சொல்வது யார்? தகடா, இந்தப் பெண்ணா, அவனா? அவள் முதல் வாரமே படம் போட்டுச் சொல்லியிருக்கிறாள். "முட்டி ஜவ்வுக்குள்ளயும், சதைய எலும்போட கட்டியிருக்கற தசைநாருக்குள்ளயும் பொடிப்பொடியா நரம்பு முனைங்க இருக்குதுங்ணா. கால் எவ்வளவு மடங்கியிருக்கு, எவ்வளவு இழுபடுதுன்னு அதுங்கதான் மூளைக்குச் சேதி சொல்லிட்டே இருக்கும். உங்களுக்கு ஜவ்வு அறுந்தப்போ அதுல இருந்ததுங்களும் போயிருச்சு. இப்ப உள்ள வெச்சிருக்கறது உங்க தொடைக்குப் பின்னாடி இருந்து எடுத்த நார். நல்ல பலமான நார். ஆனா அதுல இன்னும் சேதி சொல்ற ஆளில்ல. மிச்சம் இருக்கற முனைங்களுக்கு நாமதான் பழக்கம் குடுக்கணும்." பழக்கம் குடுக்கணும். எதைப் பழகுவது? அவன் எப்போது இதைப் பழகினான் மறந்துபோவதற்கு? ஸ்டியரிங் பழகினான், கியர் பழகினான், இது கூடவே இருந்தது, இருந்தது என்றே தெரியாமல் இருந்தது, மாசச் சம்பளம் கேட்காமல், ஒரு நாள் லீவு போடாமல். நாற்பத்தாறு வருஷம் தனக்குள் ஒரு கூட்டமே உட்கார்ந்து இரவு பகலாகத் தன் காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது என்பதை, அத்தனை பேரும் செத்த பிறகு இந்தச் சின்னப் பெண் வந்து அறிமுகப்படுத்தி வைக்கிறாள். "ரெண்டாவதுங்ணா." கால் ஏறியது, நின்றது, இறங்கியது. தூக்கினான். போன தடவை கம்மி என்றாளே என்று கொஞ்சம் கூடவே தூக்கினான், அது தப்பு, கணக்குப் போட்டுத் தூக்கக் கூடாது என்று பாதியில் தோன்றியது, நிறுத்தினான், நிறுத்திய இடம் சரியான இடம் மாதிரியேதான் இருந்தது. எல்லா இடமும் சரியான இடம் மாதிரியே இருக்கிறதே, அதுதான் இந்தக் கண்றாவியில் பெரிய கண்றாவி. "ஒம்பது டிகிரி அதிகம்."

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு குதி. டிரைவர் பக்கத்துக் கதவுக்குக் கீழே இரும்புப் படி ஒன்று இருக்கிறது, அரசாங்கம் வண்டிக்கு வண்டி ஒழுங்காக வைத்துக் கொடுத்திருக்கிறது, எந்த டிரைவர் அதில் கால் வைக்கிறான்? ஏறும்போது வைப்பான். இறங்கும்போது கதவைத் தள்ளி, கைப்பிடியை ஒரு கையால் பிடித்து, இடது காலை முன்னால் விட்டு ஒரே குதி. படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்குகிற டிரைவரைப் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும், என்னப்பா மாசமா இருக்கியா என்று டீக்கடைக்காரனே கேட்பான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லோரும் குதிக்கிறார்கள், செங்கோட்டுவேலும் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை வீதம் இருபத்திரண்டு வருஷம் குதித்தான். போன ஐப்பசியில் நாமக்கல் ஸ்டாண்டில், மழைத்தண்ணீர் தேங்கி மூடியிருந்த ஒரு சாண் பள்ளத்தில் அந்த இடது கால் இறங்கியது. உடம்பு ஒரு பக்கம் திரும்பியது, பாதம் திரும்பவில்லை. பட் என்று ஒரு சத்தம், வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. எழுந்து நின்று சுற்றிலும் பார்த்து, யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் வலிக்கிறதா என்றே பார்த்தான். அன்று சாயங்காலம் முட்டி வீங்கி வெல்லப்பந்து மாதிரி ஆன பிறகு பூங்கொடி ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டே, "படி எதுக்குங்க வெச்சிருக்காங்க, அழகுக்கா?" என்றாள். பெண்டாட்டியிடம் அதற்கு என்ன பதில் சொல்வது? வீங்கியது வடிந்ததும் கடையில் முட்டிக்குப் போடுகிற உறை ஒன்று வாங்கி, பேண்ட்டுக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். இரண்டு மாசம் போனான். அந்த இரண்டு மாசத்தைப் பற்றி இப்போது எதற்கு, பத்தில் மூன்றாவது வந்துவிட்டது, கம்பி மேலே ஏறுகிறது, கவனம், இதோ நின்றது, ஒன்று இரண்டு மூன்று. இறங்கியது. மெதுவாகத் தூக்கினான், பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான், வியர்வை துண்டுக்குள் இறங்கிக் கண் எரிந்தது. "இதானுங்க." பேனா. "பதினொண்ணுங்ணா" என்றாள், இந்தத் தடவை பரவாயில்லை என்று சொல்லவில்லை.

மூன்று போயிற்று. மிச்சம் ஏழு, ஏழும் வேண்டும், ஒன்றுகூடத் தவறக் கூடாது. "ரெண்டு நிமிஷம் ரெஸ்ட் எடுத்துக்கோங்க, துண்ட அவுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தவனுக்கு மடக்கு நாற்காலி தெரிந்தது. அதில் இப்போது உட்கார்ந்திருப்பவர் ஆறுமுகத்தண்ணன், சேலம் வண்டி ஓட்டியவர், சர்க்கரையில் கண் போய் வாசலுக்கு வந்தவர். வண்டி உள்ளே வரும்போது பையன்கள் வேண்டுமென்றே ஹாரன் அடிப்பார்கள், அவர் திடுக்கிட்டுப் பேனாவைக் கீழே போடுவார், சிரிப்பார்கள். செங்கோட்டுவேலும் அடித்திருக்கிறான். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, பல தடவை. பாவி, அடித்திருக்கிறானே. தன் முறை வந்தால் சும்மா விடுவார்களா? மலை டிரைவர் என்று ஒரு நடை உண்டு, சாப்பாட்டு அறையில் மலை டிரைவர் வந்தால் சமவெளிக்காரன் நகர்ந்து இடம் கொடுப்பான், அந்த நடையோடு போய் அந்த நாற்காலியில் எப்படி உட்காருவது? சும்மா தொங்குகிற காலைச் சும்மா இருக்க விடாமல், எரிச்சலில், கம்பியோடு சேர்த்து மேலே ஆட்டினான். கீலில் கிர்ரென்று ஒரு சத்தம் வந்தது. இன்னும் கொஞ்சம் தூக்கினான், டக் என்றது. இன்னும் மேலே போனால் மெலிசாக ஒரு கீச். இறக்கினான். மறுபடி தூக்கினான். கிர், டக், கீச். எண்ணெய் போட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ. பணிமனையில் இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திட்டியிருப்பான். திட்ட வாய் வந்தது, நின்றது. ஒரே இடத்தில்தான் டக் என்கிறது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில். மூன்றாம் தடவை தூக்கிச் சத்தங்களின் வரிசையை மனசில் ஏற்றிக்கொண்டான். செருப்புச் சத்தம் கேட்டதும் காலைத் தொங்கவிட்டுச் சாது மாதிரி உட்கார்ந்தான்.

"நாலாவது." அவள் கை தூக்கியது, கிர் வந்தது, அதற்குப் பிறகு ஒரு மூச்சு நேரம், டக் வரவில்லை, நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. இறங்கியது. முட்டி என்ன சொன்னாலும் கேட்பதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டு, அதே வேகத்தில் தூக்கி, கிர் வந்ததும் ஒரு மூச்சு விட்டு நிறுத்தினான். முட்டி இங்கே இல்லை இன்னும் மேலே மேலே என்றது. கிடக்கட்டும். "இதானுங்க." "அண்ணா! ரெண்டே டிகிரி!" என்றாள், தலைமையாசிரியை போய்விட்டாள், பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்துவிட்டாள். ஐந்தாவது டக் தாண்டி ஒரு பொட்டு. மூன்று டிகிரி. ஆறாவது கீச்சுக்கு முன்னால். ஒரு டிகிரி. "பாத்தீங்களா, நான் சொன்னனில்லங்ணா, ரெஸ்ட் குடுத்தா வரும்னு!" அவள் குரலில் இருந்த சந்தோஷம் அவனுக்கும் கொஞ்சம் ஒட்டியது. இது என்ன, திருட்டா? திருட்டு எங்கே வந்தது இதில்? மலையில் வண்டி ஓட்டுகிறவன் எதை வைத்து ஓட்டுகிறான், காதை வைத்துத்தானே. இஞ்சின் முனகுவதைக் கேட்டு கியர் மாற்றுகிறான், டயர் கல்லில் ஏறுகிற சத்தத்தில் ஓரம் எவ்வளவு என்று தெரிந்துகொள்கிறான், முன் வளைவில் ஜீப் இறங்கி வருவதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். முட்டி பேசவில்லையா, காது பேசட்டும், ஒருத்தன் லீவு போட்டால் இன்னொருத்தன் சேர்த்து ஓட்டுவதில்லையா, டபுள் டூட்டி. இந்த நியாயம் நன்றாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் நேரம் நன்றாக இருந்திருக்கும், அன்றைக்கு மழை பெய்ததே என்பது குறுக்கே வராமல் இருந்திருந்தால். மழை மேற்கூரையில் தடதடவென்று அடித்தது, உள்ளே இரண்டு பேர் சீட்டுக்குச் சண்டை போட்டார்கள், இஞ்சின் சத்தம் காதுக்கே எட்டவில்லை. வேண்டாம். அதை நினைக்க இது நேரமில்லை. "ஏழாவதுங்ணா, இதே மாதிரி விடுங்க பாக்கலாம்." விட்டான். கிர் வந்த இடத்திலேயே. "சூப்பர்ங்ணா."

நினைக்க வேண்டாம் என்றால் நினைப்பு கேட்கிறதா? எட்டாவதுக்குக் கால் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஐம்பத்தொன்றாவது வளைவு வந்துவிட்டது. மார்கழி, காலை பத்தே முக்கால் வண்டி, காரவள்ளி அடிவாரத்தில் ஏறினவர்களே அறுபது பேர் இருப்பார்கள், பின் சீட்டில் ஒரு அம்மாள் மடியில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு. டக் தாண்டி இரண்டு மூச்சு, ஞாபகம் வைத்துக்கொள். "இதானுங்க." "நாலு டிகிரி, ஓகேங்ணா." வளைவு முக்கால்வாசி திரும்பினபோது எதிரே ஜீப். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, ஆனால் ஜீப்புக்காரன் புதுசு, நடு ரோட்டில் நின்றுவிட்டான், செங்கோட்டுவேல் நிறுத்தினான். கை பிரேக் போடலாமே என்று கேட்பவர்கள் கேட்கலாம், மலைக்காரன் போடமாட்டான், அரை கிளட்ச்சில் வண்டியை அப்படியே நிறுத்திப் பிடிப்பான், இடது கால் ஒரு நெல்மணி அளவுக்கு எழுந்தால் வண்டி ஏறும், ஒரு நெல்மணி அழுந்தினால் நிற்கும், அதில்தான் அவனுடைய அத்தனை பெருமையும். ஜீப் ஒதுங்கியது. கிளட்ச் பிடித்துக்கொண்டது என்று முட்டி சொன்னது. தெளிவாகச் சொன்னது, இருபத்திரண்டு வருஷமாகச் சொன்ன அதே குரலில். அவன் வலது காலை பிரேக்கிலிருந்து எடுத்தான். வண்டி பின்னால் போனது. நாலு அடி இருக்கும், ஐந்து இருக்கும், பின்னால் முழங்கால் உயரத்தில் ஒரு கைப்பிடிச் சுவர், அதற்குப் பின்னால் ஒன்றும் கிடையாது, மரத்தின் நுனிகள்தான். மூட்டை வைத்திருந்த அம்மாள், "ஏனுங்க பின்னால போகுதுங்க" என்று யாருக்கோ மரியாதையாகச் சொன்னது அவனுக்குக் கேட்டது. பிரேக்கை மிதித்தபோது பஸ் குலுங்கி நின்றது, சண்டை போட்டவர்கள் சண்டையை விட்டு அவனைத் திட்டினார்கள், அவ்வளவுதான், ஒன்றும் ஆகவில்லை. கண்டக்டர் நல்லேந்திரன் மட்டும் பின்படியிலிருந்து குதித்து ஓடிச் சக்கரத்துக்கு அடியில் கட்டையை வைத்துவிட்டு, கண்ணாடியில் அவன் கண்ணைப் பார்த்தான். பதினோரு வருஷம் ஒரே வண்டி, ஒரே டிபன் பாக்ஸ், என்னண்ணா ஆச்சு என்று கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் திட்டி வாயை அடைத்திருக்கலாம். கேட்கவில்லை. மறுநாள் டிக்கெட் எல்லாம் அடிவாரத்திலேயே போட்டு முடித்துவிட்டு, முப்பதாவது வளைவிலிருந்து பின்படியில் நின்றுகொண்டான், அந்தக் கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கைக்குழந்தையை வைத்திருக்கிற மாதிரி. அதற்கு அடுத்த நாளும். முட்டி ஒரேயடியாக மடங்காமல் மாட்டிக்கொண்டு அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போன வாரம் வரைக்கும் ஒவ்வொரு நடையிலும் நின்றான். யாரிடமும் சொல்லவில்லை, செங்கோட்டுவேலிடமும் சொல்லவில்லை. நேற்றுக்கூட போன் பண்ணினான். "எப்பண்ணா வரீங்க?" என்றான். "நாளைக்கு டெஸ்ட்டு, தேறிட்டா அடுத்த மாசம்" என்றதற்கு, "நல்லதுங்ணா" என்றான், சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டுச் சொன்னான்.

ஒன்பதாவது எப்படிப் போனது என்று அவனுக்கே தெரியாது, காது தன்பாட்டுக்கு வேலை பார்த்திருந்தது, "மூணு டிகிரி" என்று கேட்டது. நல்லேந்திரன்மேல் கோபமாக வந்தது. எதற்காக நிற்கிறான் அங்கே? சொல்லித் தொலைத்திருக்கலாமே மேலே, டிரைவருக்குக் கால் சரியில்லை என்று ஒரு காகிதம் போட்டிருக்கலாமே, அதற்கும் மனசு வராமல், நம்பவும் முடியாமல், மழையில் நனைந்துகொண்டு ஒரு கட்டையோடு. அடுத்த மாசமும் நிற்பான். அவன் பெண்ணுக்கு ஆறு வயது. இன்றைக்குக் காகிதத்தில் ஏழு என்று எழுதினால் எழுபது வளைவுக்கும் நிற்பான், பஸ் பின்னால் வரும்போது கீழே குதித்து அதன் சக்கரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து கட்டை வைக்க வேண்டியவன் அவன்தானே. "கடைசிங்ணா, டென்ஷன் ஆகாதீங்க." கம்பி ஏறியது. கேட்காமல் இருக்கப் பார்த்தான், காதைப் பொத்த முடியவில்லை, கிர் வந்தது, டக் வந்தது, அதற்குப் பிறகு அரை மூச்சு. வேண்டுமென்றே தப்பாக வைத்துவிடலாம், அது ஒரு வழி, யாருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, முயற்சி பண்ணினான் முடியவில்லை என்று போய்விடும். ஆனால் கால் அவனைக் கேட்காமல் டக் தாண்டி அரை மூச்சில் போய் நின்றது. பிழைக்கத் தெரிந்த கால். "இதானுங்க." "ரெண்டு டிகிரி! ஏழுங்ணா! ஏழும் வந்துருச்சு!" அவள் கை தட்டுகிற சத்தம் கேட்டது. பேனா வேகமாக ஓடியது. "எட்டு மாசங்ணா. உங்க முட்டி பேச ஆரம்பிச்சிருச்சு. துண்ட அவுத்துருங்க, கையெழுத்துப் போட்டு இப்பவே குடுத்துடறேன்."

அவன் அவிழ்க்கவில்லை. அவிழ்த்து, வேட்டியைக் கட்டிக்கொண்டு, காகிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனால் என்ன? யார் கேட்கப் போகிறார்கள்? பூங்கொடிக்குப் போன் பண்ணலாம். வாயை மூடிக்கொண்டு இருடா, ஒரு தடவையாவது வாயை மூடிக்கொண்டு இரு என்று சொல்லிக்கொண்டான், அதைச் சொல்லி முடிப்பதற்குள் வாய், "அம்மிணி, இந்தக் கம்பி சத்தம் போடுதுங்க" என்றது. "என்னங்ணா?" "கீல்ல எண்ணெ இல்ல. கிர்ருங்குது, டக்குங்குது. நான் அதக் கேட்டுத்தான் வெச்சேன். ஏழையும்." கம்பி ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தது, அவளும் கேட்டுப் பார்க்கிறாள். "நான் கையெழுத்தே போட்டுட்டேன்" என்றாள் பிறகு, மெதுவாக, அவனைத் திட்டுகிற மாதிரி. "தெரியுமுங்க. காதுல பஞ்ச வெச்சு ஒருக்கா பாத்துருங்க. அந்தப் பெரிய ஃபேனையும் போடுங்க." "வேண்டாங்ணா, போங்க." "வெய்யுங்கன்னா!" என்று அதட்டினான், அவளை அதட்ட அவனுக்கு என்ன உரிமை, அழுகை வருகிற மாதிரி இருந்தது, ஆத்திரம்தான், ஆத்திரம் அழுகை மாதிரி வருகிறது. பஞ்சு வந்தது, குளிர்ச்சியாக, இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டது. ஃபேன் சுற்றுகிற காற்று மட்டும் முகத்தில் பட்டது, உலகம் போய்விட்டது. இனி அவனும் முட்டியும்தான்.

கால் மேலே போனது. நின்றது. அவன் தனக்குள்ளேயே ஐந்து எண்ணினான். இறங்கியது. தோளில் அவள் விரல் தட்டியது, தூக்கச் சொல்லி. அவசரப்படவில்லை. வேண்டிக்கொள்ளக்கூட இல்லை. மலை வண்டிக்காரனுக்குத் தெரிந்த அத்தனை பொறுமையோடும் தூக்கினான், முட்டிக்குள் எங்கேயோ ஒரு மூலையில் ஒருத்தனாவது பிழைத்துக் கிடந்து பேசமாட்டானா என்று கூர்ந்து கேட்டுக்கொண்டே தூக்கினான், பேசியது, ஆமாம், பேசியது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும், இங்கேதான் என்று அவ்வளவு தெளிவாக, இதுவரை இல்லாத தெளிவாகச் சொன்னது. கால் நேராக முன்னால் நீண்டு நிற்கிறது, கொஞ்சம்தான் மடக்கு, அவள் வைத்த அதே இடம். அவள் தகட்டைப் பார்த்து எழுதும் வரைக்கும் பொறுக்க முடியவில்லை, "இதான்!" என்று கத்திக்கொண்டே துண்டைக் கழற்றிப் பார்த்தான்.

கால் கீழே கிடந்தது. பழைய இடத்திலிருந்து கொஞ்சம் எழுந்து, பாதி வழிகூட வராமல், யாருடைய காலோ மாதிரி மேசை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான், பார்த்துக்கொண்டிருக்கும்போதும் முட்டி மேலேதான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ரெஹானாவின் வாய் அசைந்தது, ஏதோ சமாதானம் சொல்கிறாள், கேட்கவில்லை. அவன் குனிந்து, இரண்டு கையாலும் காலைக் கெண்டைச் சதையோடு சேர்த்துப் பிடித்து, அது இருப்பதாகத் தனக்குத் தெரிந்த இடம் வரைக்கும் தூக்கினான். எவ்வளவு தூக்க வேண்டியிருந்தது. அங்கேயே பிடித்துக்கொண்டு, காதில் பஞ்சோடு, அந்த அறைக்குத் தேவையில்லாத சத்தத்தில், "இங்கதான் இருந்துச்சு அம்மிணி, எனக்கு இப்பவும் இங்கதான் இருக்குது. அதையும் எழுதிக்கோங்க" என்றான். அவள் கையெழுத்துப் போட்ட காகிதத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, புதுக் காகிதம் ஒன்றை எடுத்தாள்.